நீ கேட்டாய், நான் சொன்னேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ புனேவுக்குப் புறப்படுகிறாய். கூடத்தில் உன் இரண்டு பெட்டிகளும் திறந்து கிடக்கின்றன. அம்மா அவற்றில் எதையாவது வைத்துக்கொண்டே இருக்கிறாள், நீ எதையாவது எடுத்து வெளியே வைத்துக்கொண்டே இருக்கிறாய். நான் ஜன்னலோரம் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மாதமாக நமக்குள் பேச்சு என்பது 'கேட் பூட்டியாச்சா', 'மோட்டார் போடணுமா' என்ற அளவில்தான் இருக்கிறது. போன வாரம் இரண்டு முறை உன் அறை வாசல்வரை வந்தேன். ஒருமுறை நீ போனில் இருந்தாய். இன்னொரு முறை என்னைப் பார்த்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் நடத்தும் சின்ன இதழ் ஒன்றில் இந்தக் கடிதம் வரப்போகிறது. அதற்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் உன் மேஜையில் வைக்கிறேன். உன் பெயரோ உன் கம்பெனியின் பெயரோ இதில் இல்லை. யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார் அவர். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். "ஏழுமலைனு வைங்க. எங்க மாமன் பேரு. அந்தாளுக்கு இன்னா ஆனாலும் பரவால்ல" என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சிபோன கதைதானே, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைச் சுமதி என்று வைத்துக்கொள்கிறேன்.

இருபத்துநான்கு வருடமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. அது என் முதல் தவறு. மனநல மருத்துவர் மாதத்தில் ஒருநாள் முகாமுக்கு வருவார், பார்ப்பார், மாத்திரை எழுதுவார், போய்விடுவார். அந்த மாத்திரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா, சாப்பிட்டாரா, தூங்கினாரா, வீட்டார் அவரை எப்படி நடத்துகிறார்கள், வேலைக்குப் போகும் தெம்பு வந்ததா என்று மீதி இருபத்தொன்பது நாளும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது என் வேலை. மண்ணூர், பிள்ளைப்பாக்கம், அதைச் சுற்றிய ஊர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே வீடுகளுக்குப் பின்னால் நெல்வயல் இருந்தது. இப்போது கம்பெனிச் சுவர் இருக்கிறது. ஆனால் கதவைப் பாதி திறந்து, பக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சீக்கிரம் உள்ள வாங்க சார்" என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. உள்ளே நான் கேட்டது எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதைப் பெரிய ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஒரு ஊமை அப்பனை வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றவில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது நினைவிருக்கிறதா? உன்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது, முகாமுக்கு வரும் ஓர் அம்மா ஓடிவந்து, "சார் புள்ளையா? கண்ணு!" என்று உன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். தலை வாரியிருக்கவில்லை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். உன் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் நீ, "பெட்ரோல் பங்க் கிட்டயே எறக்கி விட்டுடுப்பா, நான் நடந்து போயிக்கிறேன்" என்றாய். அதற்காக அவர்கள் உன்னை என்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த அம்மா யார், ஏன் அப்படி இருக்கிறாள், மூன்று பிள்ளைகளை எப்படி வளர்க்கிறாள் என்று பேர் சொல்லாமலாவது உன்னிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. பத்தாவது முடிக்கும்வரை உன்னை பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டேன்.

ஆகையால்தான் போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அப்படி இருந்தது. அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். நீ இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே, "அப்பா, உங்க வேலையில ஒரு டவுட்டு. இந்த மாதிரி பிரச்சினை இருக்கறவங்க சாதாரணமா வேலைக்குப் போக முடியுமா? பாத்தா தெரியுமா?" என்றாய். உன் இருபத்தேழு வயதுக்குள் என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி அது. கார் சீட் செய்யும் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் நல்ல பேரோடு இருக்கிற பிள்ளை, அப்பனிடம் தொழில் விஷயமாக ஒன்று கேட்கிறான். கை காயக் காயப் பேசினேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனது தெரியவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கை லேசாக நடுங்கும் என்றேன். வாய் உலரும், அடிக்கடி தண்ணீர் குடிப்பார்கள், உடம்பு கொஞ்சம் போடும், காலைஷிப்டில் முதல் ஒரு மணிநேரம் மந்தமாக இருப்பார்கள் என்றேன். ஆனால் அவர்களைப்போல வேலை செய்ய ஆள் கிடையாது என்றும் சொன்னேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தத் தலையாட்டலில் நான் கிறங்கிப்போய் ஏழுமலையின் கதையைச் சொன்னேன். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

இருபத்துநான்கு வயதில் அவர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காதில் யாரோ ஓயாமல் பேசினார்கள். சாப்பாட்டை ஜன்னல் வழியாக வைப்பார்கள். கோயில், தர்கா, மந்திரிக்கிறவர் என்று எல்லாம் பார்த்துவிட்டு, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சுமதி எங்கள் முகாமுக்கு வந்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் போய் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். ஏதாவது பேசுவேன், பதில் வராது. நான்காவது மாதம் ஒருநாள் நான் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "யோவ், உன் வண்டி செயினு லூசா கீதுய்யா. வரும்போதும் போவும்போதும் அடிக்குது. காதுல வியல?" வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். பிறகு, "எனக்கு டைட் பண்ணத் தெரியாதுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தாடியும் அழுக்குமாக வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணை மூடி மூடித் திறந்து, ஸ்பானர் கேட்டார். அவர் குனிந்து செயினைச் சரிசெய்ததைப் பார்த்துச் சுமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் போதும். "இப்ப அவர் எங்க?" என்று கேட்டாய். "உங்க கம்பெனியிலதாண்டா! மண்ணூர் பக்கத்து ஆளு. ஏழு வருஷமா ஒரு குறை கிடையாது. மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை மத்தியானம் பர்மிஷன் போட்டுட்டு முகாமுக்கு வந்து மாத்திரை வாங்கிட்டுப் போயிடுவாரு" என்றேன். நீ ஆச்சரியப்பட்டாய். "சூப்பர்ப்பா" என்றாய். அன்று மதியம் எனக்கு நல்ல தூக்கம்.

பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் கம்பெனியில் உன் அறைக்கு வெளியே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. ஒப்பந்த ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கும் பட்டியலில் ஏழுமலையின் பெயர் இருந்தது. நீ அவரைக் கூப்பிட்டாய். நீ யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். சூப்பர்வைசரும் இருந்தார். இரண்டாவது வியாழக்கிழமைகளில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாய். மாமியாரைப் பார்க்க என்றார் அவர். அதற்கு நீ சொன்ன வார்த்தையை அவர் வாயாலேயே கேட்டேன். "மறைக்காதீங்க. எங்க அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

தம்பி, நீ கம்பெனி விதியைச் சொல்லியிருக்கலாம், டாக்டர் பரிசோதனை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் வாயைத் திறக்க என் பெயரை எடுத்தாய். அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்ததில் தொடங்கிப் பன்னிரண்டு வருடமாக நான் சேர்த்த நம்பிக்கையை, ஒரு நிமிடத்தில் சாவியாகப் போட்டுத் திருகினாய்.

மாத்திரை எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் வாங்கி வந்தால் பட்டியலில் பெயர் இருக்கும் என்று உன் அறையில் சொன்னதாக அவர் சொல்கிறார். நீ அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை என்கிறாய். அவருக்கு விளங்கியது இதுதான்: மாத்திரையை நிறுத்தினால் வேலை. அன்றைக்கே நிறுத்தினார். சுமதியிடம் சொல்லவில்லை. அடுத்த இரண்டாவது வியாழக்கிழமை முகாமுக்கும் வரவில்லை. அவருடைய மாத்திரை அட்டை மட்டும் மேஜையில் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். ஓவர்டைமாக இருக்கும் என்று நினைத்து எடுத்து உள்ளே வைத்தேன். இருபத்துநான்கு வருட அனுபவம் உள்ளவன், ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. இது என் இன்னொரு தவறு. உன்மேல் போடுவதற்கு இடமில்லாத தவறு.

ஐந்தாவது வாரம், பகல்ஷிப்டில், காற்று அடிக்கும் குழாயிலிருந்து சூப்பர்வைசரின் குரல் தன்னைத் திட்டுகிறது என்று அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கத்தினார். உற்பத்தி லைனே நின்றது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. இரண்டு காவலாளிகள் கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு கேட்டை மூடினார்கள். வீட்டுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஷிப்ட் பஸ் வந்தும் புருஷன் இறங்காததால் சுமதி எனக்குப் போன் செய்தார். இரண்டு நாள் தேடினோம். ஒரகடம் மேம்பாலத்தின் கீழே, பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரிகளில் தேடினோம். மூன்றாம் நாள் காலை செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற ஒருவர் சொல்லிப் போனோம். செருப்பில்லாமல், கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். பாதங்கள் இரண்டும் கொப்புளமாகியிருந்தன. என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். பின்னால் தண்ணீர். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சுமதிதான் மெதுவாக, "வாய்யா, வூட்டுக்குப் போலாம்" என்று பேசிப் பேசிக் கையைப் பிடித்தார். அவர் ஏன் என்னைக் கண்டு பயந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நோயின் பயம் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் மூன்றாவது வாரம், தெளிந்தபிறகு, அவராகவே கேட்டார். "சார், உங்களுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்? உங்க புள்ளயாண்ட ஏன் சார் சொன்னீங்க?" அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உன் அறையில் நடந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். நீ மழுப்பவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். "மெஷின்ல அவர் கை போயிருந்தா யார்ப்பா பதில் சொல்றது? நாங்கதானே?" என்றாய். ஏழு வருடம் போகாத கை, மாத்திரையை நிறுத்தியபின்தான் போகவிருந்தது என்றேன். "நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. என்கிட்ட யாருக்கும் சொல்லாதேனு சொன்னீங்களா?" என்றாய். சொல்லவில்லைதான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்காகக் கேட்டாய் என்று. நீ சுவரைப் பார்த்தாய். "லிஸ்ட் அப்பவே வந்துடுச்சுப்பா. மெடிக்கல் கேஸ் யாராவது இருந்தா வடிகட்டச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேனு..."

அதற்குமேல் நான் உன்னைக் கேட்கவில்லை. உன் கேள்வியை அப்பன்மேல் வந்த அக்கறை என்று நினைத்து மாதக்கணக்கில் சந்தோஷப்பட்டவன் நான். எனக்கு நேர்ந்ததை ஏழுமலைக்கு நேர்ந்ததோடு ஒப்பிட மாட்டேன். அவருடைய வேலை போயிற்று, ஊரில் பேர் போயிற்று. எனக்கு ஒரு மதியச் சாப்பாடுதான் போயிற்று. ஆனாலும் வலிக்கிறது, அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். யாரோ ஓர் அதிகாரி செய்திருந்தால் நான் கத்தியிருப்பேன், மனு எழுதியிருப்பேன், ராத்திரி தூங்கியிருப்பேன். என் தட்டுக்கு எதிர்த் தட்டில் சாப்பிட்டவன் செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சுமதியின் வீட்டுக்குப் போய், சொன்னது நான்தான் என்றேன். உன்மேல் போட்டுவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனேன். முடியவில்லை. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். "ஏழு வர்சமா மாத்திரைய அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சி வச்சிருந்தேன் சார். எங்கம்மாவுக்குக்கூட தெரியாது. பொண்ணு கேட்டா சத்து மாத்திரைனு சொல்லிகினு கெடந்தேன். நீங்க சோத்துல உக்காந்துகினு சொல்லிட்டீங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கறதுக்கு நான் யாரு சார்? இனிமே நீங்க வராதீங்க. வேற யாராச்சும் அனுப்புங்க" என்றார். நடந்ததை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். வீடுகளுக்குப் போகும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. நான்கு மாதமாக முகாமில் அட்டை எழுதி, வரிசையைப் பார்த்துக்கொள்கிறேன். நீ கவனித்திருக்க மாட்டாய், என் வண்டி பெரும்பாலும் வீட்டில்தான் நிற்கிறது.

இப்போது நீ அறியாத விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஏழுமலை என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். ஆள் தேறியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "லேபர் ஆபீஸ்ல மனு குடுத்துகிறேன் சார். நோவுக்கு மாத்திரை சாப்புட்றவன வேலைய விட்டுத் தூக்கலாமான்னு கேட்டுகிறேன். கம்பெனில, எங்களுக்குத் தெரியவே தெரியாது, அவனா நின்னுட்டான்னு சொல்றாங்க. தெரியும்னு சொல்ல ஆளு வேணும். நீங்க வந்து சொல்லணும்" என்றார். பிறகு, "உங்க புள்ளனு எனக்குத் தெரியும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்பறமா கால வாரிடாதீங்க" என்றார்.

வருகிறேன் என்றேன். உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "பெத்த புள்ளைக்கு எதிரா போய் நிப்பீங்களா? அவன் பிரமோஷன்ல போற நேரத்துல?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ துரோகம் செய்தாய் என்பதற்காக உன்னைப் பழிவாங்கப் போகிறேனா என்று ஒவ்வொரு நாளும் என்னைச் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் அதுவும் இருக்கிறது. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன். அது மட்டும் நிச்சயம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை லேபர் ஆபீஸில் விசாரணை நடந்தது. உன் பொறுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதால் கம்பெனி சார்பில் புதியவர் ஒருவர் வந்திருந்தார். உன் வயதுதான், என்னை யாரென்று தெரியவில்லை. ஏழுமலையும் சுமதியும் ஒரு பெஞ்சில். நான் தள்ளி ஒரு நாற்காலியில். அதிகாரி நடுவயதுப் பெண், எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். நான் என் வேலையைச் சொன்னேன். ஏழுமலையின் நோய் கம்பெனிக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் சொன்னதால் என்றேன். யாரிடம் சொன்னீர்கள் என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

"அவரை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"என் பையன்ங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். கம்பெனிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சார், இதை எழுதிட்டா அப்பறம் எடுக்க முடியாது. எழுதட்டுமா?" என்றார் அந்த அம்மா. மெதுவாகத்தான் கேட்டார்.

"எழுதுங்க" என்றேன். எழுதியதை எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார், நிரந்தரம் பற்றி இப்போது பேச முடியாது என்று அந்தப் புதியவர் வெளியே வந்து ஏழுமலையிடம் சொன்னார். ஏழுமலை, "எழுத்துல குடுங்க" என்றார். படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது சுமதி நிற்கவில்லை. நான்கு படி இறங்கியபின் திரும்பி, "வெயில்ல நிக்காதீங்க சார், போங்க" என்று மட்டும் சொன்னார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

இதனால் உன் புனே வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாராவது உன்னைக் கூப்பிட்டு, உங்க அப்பா இப்படிச் சொல்லியிருக்கிறாரே என்று கேட்கலாம். நீ அதை அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அங்கேயும் உனக்கு ஒரு அறை கொடுப்பார்கள், ஒரு பட்டியல் கொடுப்பார்கள். எதிரில் நடுங்கும் கையோடு ஒருவர் வந்து உட்காருவார். எதை மறைக்கிறாய் என்று அவரிடம் கேட்காதே. வேலை செய்ய அவருக்கு என்ன வேண்டும் என்று கேள். மாதத்தில் அரைநாள் பர்மிஷன் என்பார். அவ்வளவுதான் ஏழுமலைக்கும் வேண்டியிருந்தது.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை. நீ என்மேல் கோபப்படவும் இப்போது காரணம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலில் உன் ரயிலுக்கு அம்மா வருவாள், அவளால் அவ்வளவு தூரம் தனியாகத் திரும்ப முடியாது. நானும் வருவேன். பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொள்வேன். நீ பேசாவிட்டால் பரவாயில்லை. வரவேண்டாம் என்று தோன்றினால் மட்டும், அம்மாவிடம் சொல்லி அனுப்பாமல், என்னிடம் நேராக வந்து சொல்.

அப்பா